வெள்ளைத் தங்கமா, வெள்ளியா? மேலே மின்னுவது இரண்டுமே இல்லை, தெரியுமா?

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மோதிரங்கள். ஒன்று 18 காரட் வெள்ளைத் தங்கம். மற்றது ரோடியம் முலாம் பூசிய 925 வெள்ளி. அதே வெளுப்பு, அதே மினுக்கம், அதே மாதிரி கல். விலைச் சீட்டைத் திருப்பினால்தான் தூக்கிவாரிப் போடுகிறது! காலமெல்லாம் உரைகல்லோடு உட்கார்ந்திருந்த ஆசாரியாக இருந்தாலும், கையில் வாங்காமல் வெறும் கண்ணால் பார்த்து எது எதுவென்று அவரால் சொல்ல முடியாது. ஏன் தெரியுமா? கண்ணில் படுகிற அந்தப் பளபளப்பில் தங்கமும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. இரண்டு மோதிரத்துக்கும் மேல்பூச்சு ஒன்றேதான். அதன் பெயர் ரோடியம்.

ரோடியம் லேசுப்பட்ட உலோகம் அல்ல. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் தோண்டியெடுக்கும் தங்கம் 3,000 டன்னைத் தாண்டும். ரோடியமோ ஏறத்தாழ 30 டன்தான்! அதற்கென்று தனிச் சுரங்கமும் கிடையாது. பிளாட்டினத்தைத் தோண்டும்போது கூடவே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில். அப்படி வருவதிலும் பெரும்பங்கைக் கார் கம்பெனிகள் வாங்கிப் புகைக்குழாய்க்குள் வைத்துவிடுகின்றன, நச்சுப்புகையை முறிப்பதற்காக. நகைக்கு வந்து சேர்வது கொசுறு. 2021 மார்ச்சில் தங்கம் ஓர் அவுன்ஸ் 1,700 டாலரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தபோது ரோடியம் 30,000 டாலரை நெருங்கியது. 1979-இல் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியை இசை வரலாற்றிலேயே அதிகம் விற்ற பாடலாசிரியர் என்று கௌரவித்த கின்னஸ் நிறுவனம், தங்கத் தட்டும் பிளாட்டினத் தட்டும் போதாதென்று ரோடியம் முலாமிட்ட இசைத்தட்டைக் கொடுத்தது!

அவ்வளவு விலை உயர்ந்ததை எப்படி ஒரு சாதாரண வெள்ளி மோதிரத்தில் பூசுகிறார்கள்? பூச்சு அவ்வளவு மெல்லிசு. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது! தினம் போடுகிற மோதிரத்தில் ஒன்றிரண்டு வருடத்திலேயே, விரலின் உள்பக்கத்திலும் ஓரங்களிலும் முதலில், அது தேய்ந்து போய்விடுகிறது. ஆச்சரியம் அப்போதுதான் தொடங்குகிறது. வெள்ளி மோதிரத்தில் பூச்சு போனால் உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பது பளீரென்ற வெள்ளி. வெள்ளைத் தங்கத்தில் பூச்சு போனால் தெரிவதோ சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு மங்கல். முலாமைக் கழித்துப் பார்த்தால் விலை குறைந்த வெள்ளிதான் அதிக வெளுப்பு! கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெள்ளியைப் போலத் திருப்பியனுப்பும் உலோகம் வேறு கிடையாது.

சரி, தங்கம் மட்டும் ஏன் மஞ்சள்? இதற்குப் பதில் சொல்ல ஐன்ஸ்டீன் வரவேண்டியிருக்கிறது, நம்புவீர்களா! தங்க அணுவின் கரு கனமானது, 79 புரோட்டான்கள். அந்த இழுவிசையில் கருவுக்கு மிக அருகே சுற்றும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பறக்கின்றன. அந்த வேகத்தில் சார்பியல் விதிகள் குறுக்கே வருகின்றன. எலக்ட்ரான் பாதைகள் சுருங்கி, ஆற்றல் அடுக்குகள் இடம் மாறி, தங்கம் நீல ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள்தானே? வெள்ளிக்கு 47 புரோட்டான்கள்தான். அது விழுங்குவது நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை. அதனால் வெள்ளை. உங்கள் தாலிக்கொடியின் நிறத்துக்கும் சார்பியல் கோட்பாட்டுக்கும் இப்படி ஓர் உறவு.

இந்த மஞ்சளை எப்படி விரட்டுவது? தங்கத்தோடு வெள்ளியைச் சேர்த்தால் வெள்ளைத் தங்கம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் இல்லை! முக்கால் பங்கு தங்கத்தில் கால் பங்கு வெள்ளியை உருக்கி ஊற்றினால் வருவது இளம்பச்சை. பச்சைத் தங்கம் என்றே அதற்குப் பெயர். நோபல் பதக்கம் பல ஆண்டுகள் அந்தப் பச்சைத் தங்கத்தில் செய்யப்பட்டு, மேலே 24 காரட் முலாம் பூசப்பட்டது. செம்பு சேர்த்தால் ரோஜா நிறம். வெளுக்க வைக்கும் வித்தை தெரிந்தவை நிக்கலும் பல்லேடியமும்தான். அவற்றாலும் முழுசாக முடிவதில்லை. கலவையில் எவ்வளவு மஞ்சள் மிச்சம் என்று எண்ணால் அளப்பதற்கு ஓர் அளவுகோலே உண்டு. அது 32-ஐத் தாண்டினால் வெள்ளை என்று சொல்லி விற்கக்கூடாது என்று மேலைநாட்டு நகைத்தொழில் வட்டாரம் வகுத்து வைத்திருக்கிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரிந்துவிடும். 916 இல்லாமல் நகையைத் தொடமாட்டேன் என்கிற நம் ஊர்ப் பிடிவாதம் வெள்ளைத் தங்கத்திடம் செல்லாது. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். மிச்சமிருக்கும் 8.4 சதவீத இடத்தில் எந்த உலோகத்தைப் போட்டாலும் அவ்வளவு மஞ்சளை வெளுக்க வைக்க முடியாது. ஆகவே வெள்ளைத் தங்கம் என்றால் 18 காரட், அதாவது 750. அல்லது 14 காரட், அதாவது 585. யாராவது உங்களிடம் ‘22 காரட் வெள்ளைத் தங்கம்’ என்று சொன்னால், ஒரு தடவைக்கு இரண்டு தடவை முத்திரையைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஒரு துப்பறியும் கதை. 1803 ஏப்ரல், லண்டன். சோஹோ பகுதியின் ஜெரார்டு தெருவில் ஒரு சின்னக் கடை. அந்தக் கடையின் சரக்கைச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவருகிறது. ‘பல்லேடியம் அல்லது புதிய வெள்ளி விற்பனைக்கு’ என்று அதில் போட்டிருக்கிறது. கண்டுபிடித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. இதுவரை யாரும் கேள்விப்படாத ஓர் உலோகம், கடைச்சரக்காக! விஞ்ஞானிகளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ரிச்சர்ட் செனவிக்ஸ் என்ற வேதியியலாளர் கடையில் இருந்த சரக்கை அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். இது புது உலோகமே அல்ல, பிளாட்டினத்தையும் பாதரசத்தையும் கலந்து யாரோ ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று ராயல் சங்கத்தில் அறிவித்துவிட்டார். சில மாதங்களில் அடுத்த அதிர்ச்சி. அப்படிக் கலந்து பல்லேடியத்தைச் செய்து காட்டுபவருக்கு 20 பவுண்டு பரிசு என்று பெயர் போடாத இன்னொரு கடிதம்! ஒருவராலும் முடியவில்லை. 1805-இல்தான் குட்டு உடைந்தது. அந்த மர்ம ஆசாமி, ராயல் சங்கத்தின் செயலாளர்களில் ஒருவராகவே அமர்ந்திருந்த வில்லியம் ஹைட் வொல்லஸ்டன்!

மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுப் பிளாட்டினத் தாதுவை அமிலத்தில் கரைத்துக்கொண்டிருந்தவர் அவர். அதே தாதுவின் மிச்சத்திலிருந்து 1804-இல் இன்னோர் உலோகத்தையும் பிரித்து அறிவித்தார். அதுதான் ரோடியம். ஆக, தங்கத்தை உள்ளே வெளுக்க வைக்கும் பல்லேடியத்தையும் மேலே பூசும் ரோடியத்தையும் கண்டெடுத்தவர் ஒரே மனிதர். வெள்ளைத் தங்க நகை அவர் கனவில்கூட வந்திருக்காது. அது சந்தைக்கு வந்தது அவருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1910-களில், விலையேறிக்கொண்டே போன பிளாட்டினத்துக்கு மாற்றாக. பிறகு இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பிளாட்டினத்தை ராணுவத்துக்கென்று ஒதுக்கி நகைக்குத் தடை போட்டதும் வெள்ளைத் தங்கத்துக்கு யோகம் அடித்தது.

ஆனால் ‘வெள்ளைத் தங்கம்’ என்ற பேச்சு 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருக்கிறது. லிடிய மன்னன் குரீசஸ் டெல்ஃபி கோயிலுக்கு அனுப்பிய 117 கட்டிகளில் நான்கு மட்டுமே சுத்தத் தங்கம், மற்றவை வெள்ளைத் தங்கம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கு எழுதியிருக்கிறார்! அது இயற்கையாகவே தங்கமும் வெள்ளியும் கலந்து கிடைத்த வெளிறிய உலோகம். இன்றைய நிக்கல் கலவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெள்ளியை இளப்பமாகப் பார்க்கிறவர்களுக்கு எகிப்திலிருந்து ஒரு செய்தி. அங்கே தெய்வங்களுக்குச் சதை தங்கம், எலும்பு வெள்ளி. தங்கம் அவர்கள் நாட்டிலேயே கிடைத்தது, வெள்ளிக்கு வெளிநாட்டைப் பார்த்திருக்க வேண்டும். டானிஸ் நகரில் 1940-இல் தொல்லியலாளர் பியர் மோன்டே திறந்த கல்லறையில் பாரோ முதலாம் சுசென்னெஸ் வெள்ளிச் சவப்பெட்டிக்குள் கிடந்தார், முகத்தில் தங்க முகமூடியோடு! துட்டன்காமன் அளவுக்கு அவர் பேசப்படவில்லை. உலகம் போரில் மூழ்கியிருந்த நேரம் அது.

விலை விகிதத்தைப் பாருங்கள், இன்னும் வியப்பு. 1792-இல் அமெரிக்கா நாணயச் சட்டம் போட்டபோது ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி சமம். 2020 மார்ச்சில் அது 120 பங்கையும் தாண்டியது. பிறகு வெள்ளி மறுபடி ஏறியது. வெள்ளியின் விலை தங்கத்தைவிட அதிகமாகக் குதிக்கும், அதிகமாகவும் விழும்.

வைரம் என்றாலே வெள்ளைத் தங்கத்தில் பதிப்பதுதான் முறை என்று கடையில் சொல்வார்கள். ஆனால் பிளாட்டினத்தை உருக்கும் வித்தை கைவருவதற்கு முன்பு, ஐரோப்பிய அரச குடும்பங்களின் வைரங்கள் வெள்ளியில்தான் உட்கார்ந்திருந்தன! தங்கத்தின் மஞ்சள் வைரத்தில் ஏறிவிடும், வெள்ளியில் வைரம் பளிச்சென்று இருக்கும். விக்டோரியா மகாராணிக்காக 1870-இல் செய்த, பத்து சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத குட்டி வைரக் கிரீடம் வெள்ளியில் கட்டியதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்கள் அதில்! ஒரு தந்திரம் மட்டும் செய்வார்கள். தோலையும் துணியையும் வெள்ளி கறுப்பாக்கும் என்பதால் அடிப்பக்கத்தில் தங்கத் தகடு வைத்துவிடுவார்கள். மகாராணிகள் அந்தக் கிரீடத்தோடு பாத்திரம் கழுவியிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினப்படி மோதிரத்தில் கல்லைக் கவ்விப் பிடிக்கும் சின்னக் கொக்கிகள் வெள்ளியில் இருந்தால் சேலையில் மாட்டும்போதும் கதவில் இடிக்கும்போதும் வளைந்து கொடுக்கும். ஒருநாள் கல் காணாமல் போயிருக்கும். நிக்கல் கலந்த 18 காரட் வெள்ளைத் தங்கம் வெள்ளியைப் போல இரண்டு மூன்று மடங்கு கடினம். கல் விலை உயர்ந்தது என்றால் இந்த ஒரு காரணமே போதும், வெள்ளைத் தங்கத்துக்குப் போய்விடலாம்.

முலாமின் வேஷத்தை வீட்டிலேயே கலைக்க முடியும், தெரியுமா? முதல் சாட்சி எடை. ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி 10.5 கிராம். அதே அளவு 18 காரட் வெள்ளைத் தங்கம் 15 கிராம் சுமாருக்கு வரும். புள்ளி இரண்டு இலக்கம் காட்டும் சிறு மின்தராசு இருந்தால் நகையை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நகையை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நகையின் கன அளவு. பத்து கிராம் நகைக்குத் தராசு 0.96 காட்டினால் வெள்ளி, 0.65-ஐ ஒட்டி நின்றால் வெள்ளைத் தங்கம்! பெரிய கல் பதித்த நகைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டாவது சாட்சி ஐஸ் கட்டி. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளிதான் முதல். கனமான வெள்ளிக் காப்பின் மேல் ஐஸை வைத்தால் அது உருகும் வேகம் கண்ணுக்கே தெரியும். வெள்ளைத் தங்கத்தில் அவ்வளவு வேகம் இருக்காது. வெள்ளியின் இந்தக் குணம் ஆசாரிக்குத்தான் தலைவலி. மோதிரத்தில் ஒரு சின்ன விரிசலைப் பற்றவைக்க வேண்டுமானாலும் சூடு ஓடிப் பரவிவிடுவதால் முழு மோதிரத்தையும் சூடேற்ற வேண்டும்.

‘உடம்பில் சூடு அதிகம், அதான் கொலுசு கறுக்குது’ என்று சொல்லாத வீடு உண்டா? பழி போட வேண்டியது கந்தகத்தின் மேல். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலமாகிறது. வெங்காயம், பூண்டு, பெருங்காயம், முட்டை என்று நம் அடுக்களையில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை! வேடிக்கை என்னவென்றால், வெள்ளி நகையைப் பத்திரமாகக் கட்டி வைக்கிறோம் என்று சுற்றுகிற ரப்பர் பேண்டிலும் கந்தகம். கம்பளித் துணியிலும் கந்தகம். பெட்டியில் பூட்டி வைத்தது கறுத்துப்போகும், காலில் கிடப்பது உரசி உரசிப் பளபளப்பாகவே இருக்கும்.

கறுத்ததைத் தேய்த்தால் வெள்ளியும் கொஞ்சம் கூடவே போகும். பற்பசை கீறலும் போடும். அதைவிட ஓர் அதிசய வழி இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, நகை தாளைத் தொடும்படி வையுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டுவிட்டு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பாகிப்போன வெள்ளி மறுபடி வெள்ளியாகவே திரும்பி வரும்! அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் வெளியேறும் கந்தகம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைப்பாட்டுக்காகவே கறுப்பேற்றிய நகைக்கும், முத்து பதித்த நகைக்கும், முலாம் பூசியதற்கும் இது வேண்டாம்.

ரோடியம் பூசிய வெள்ளி கறுக்காதே, அதையே வாங்கிவிடலாமே? புதிதாக இருக்கும்வரை கறுக்காது. ஓரத்தில் முலாம் தேய்ந்ததும் அந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். தேய்த்துத் துலக்கலாம் என்றால் மிச்சமிருக்கும் முலாமும் போகும். வெள்ளிக்கும் ரோடியத்துக்கும் நடுவில் சிலர் நிக்கல் பூச்சு ஒன்றைக் கொடுப்பதும் உண்டு. என்னைக் கேட்டால் முலாமில்லாத வெள்ளிதான் வெள்ளிக்கு அழகு.

நிக்கல் என்றதும் இன்னொன்று. அது பலருக்கு ஆகாது. காது குத்திய இடம் சிவந்து, நீர் கசிந்து, ஆறவே மாட்டேன் என்கிறதா? நிக்கலாக இருக்கலாம். தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே சட்டம் போட்டுவிட்டது. வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராம், அவ்வளவுதான்! வெள்ளைத் தங்கம் தங்கம்தானே, குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். ரோடியம் தேய்கிறவரைதான் அந்தப் பாதுகாப்பு. பல்லேடியம் கலந்ததா என்று கேட்டு வாங்கலாம், விலை கூடும். நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள். குளோரின் பட்டுப் பட்டு நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் விரிசல் விழும், முதலில் போவது கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிதான்.

முத்திரை விஷயத்திலும் ஒரு விந்தை. தங்க நகைக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து, எண் கொண்ட தனி அடையாளம். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எத்தனை காரட், எங்கே சோதித்தது எல்லாம் வந்துவிடும். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. உங்கள் வைர மூக்குத்தி பெரும்பாலும் அந்த விலக்குக்குள் நழுவிவிடும்! வெள்ளிக்கு அதே ஆறு எழுத்து அடையாளம் 2025 செப்டம்பர் 1-இல் தொடங்கியபோது கடைக்காரர் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. சேலம் செவ்வாய்பேட்டைப் பட்டறைகளிலிருந்து ஊர் ஊராகப் போகும் கொலுசுகளில் எத்தனை ‘டச்’ (சுத்தத்தின் அளவு) என்பதைக் கேட்டு வாங்குவதுதான் பழைய வழக்கம். சின்னச் சின்னக் கண்ணிகளையும் சலங்கைகளையும் ஒட்டும் பற்றவைப்பிலும் சுத்தம் கொஞ்சம் குறையும்.

திருப்பி விற்கும்போது? ரோடியத்துக்கு ஒரு பைசா கிடையாது. வெள்ளைத் தங்கத்துக்கு 75 சதவீதத் தங்கத்தின் விலை வரும், நீங்கள் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தராசில் போடுவார்கள். ஆனாலும் கையில் வருவது தங்கத்துக்கான காசு. வெள்ளி மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். வைரம் பதித்த, கழற்றாமல் போடப்போகிற மோதிரமா? 18 காரட் வெள்ளைத் தங்கம், நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பல்லேடியக் கலவை. கொலுசு, மெட்டி, காப்பு, விசேஷத்துக்குப் போட்டுக் கழற்றும் ஜிமிக்கியா? முலாமில்லாத 925 வெள்ளி, கறுத்தால் சோடா வெந்நீர். ரோடியம் பூசிய வெள்ளியை வெள்ளைத் தங்கம் மாதிரி இருக்கிறதே என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். வெள்ளைத் தங்கம் வாங்கினால் பில்லில் 750 என்பதையும், நிக்கலா பல்லேடியமா என்பதையும், ரோடியம் மறுபூச்சுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிறார்களா? அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.